மைதானத்தில் ஜெயித்தால் படிப்பின் பெயரும் கூடுமா?

உங்கள் மகளுக்கு அமெரிக்காவில் ஒரே மாநிலத்தில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று சில வருடங்களாக ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) ஜெயித்துக்கொண்டே வருகிறது. விண்ணப்பங்கள் குவிகின்றன. "அதன் மதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போதே சேர்ந்துவிடு" என்கிறார்கள் அங்கே படித்தவர்கள். இன்னொன்று வருடா வருடம் அதனிடம் தோற்கிறது. ஆனால் அங்கே படித்தவர்கள் "ஆட்டம் அவர்களுக்கு, அறிவு நமக்கு" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இது என்று எடுத்துக்கொள்கிறேன்: விளையாட்டில் கிடைக்கும் பெயர் படிப்பின் பெயராக மாறுமா, மாறினால் அந்தப் பெயரை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கலாமா?

நான் அங்கே ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவர அலுவலகத்தில் 14 வருடங்கள் வேலை பார்த்தேன். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தோம், அவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. அதற்கு முன்னால் 3 வருடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு மாலை நேரத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி உறுதியோடு பேச முடியும். ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்களே இருக்கும் சிறிய கல்லூரிகளின் உலகம் வேறு. நான் சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி 1852 ஆகஸ்டில், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிபெசாக்கி ஏரியில் நடந்த படகுப் போட்டி. ஹார்வர்டும் யேலும் மோதின, ஹார்வர்ட் ஜெயித்தது. மாணவர்களை அங்கே கூட்டிப்போய்த் தங்கவைத்த செலவு ஒரு ரயில் கம்பெனியுடையது. அந்த ஏரிக்கரைக்குப் பயணிகளை இழுக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆக, கல்லூரிப் பகை பிறக்கும்போதே விளம்பரத்தோடுதான் பிறந்தது. பணம் இப்போதுதான் வந்து விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ரயில் கம்பெனி ஞாபகத்துக்கு வரும்.

அடுத்து "ஐவி லீக்" என்ற பெயர். படிப்பில் உச்சம் என்பதற்கு இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் அது ஒரு விளையாட்டு லீக்கின் பெயர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மவுத், பிரவுன், பென்சில்வேனியா ஆகிய எட்டும் சேர்ந்து 1954ல் முறைப்படி அந்த லீக்கை அமைத்தன. திறமையான வீரர் என்பதற்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எம்ஐடி அந்த லீக்கில் இல்லை, ஸ்டான்ஃபோர்ட் இல்லை, சிகாகோ இல்லை. அதனால் அவற்றின் படிப்பு ஒரு படி குறைந்ததா? இல்லை. யாரோடு மோதுகிறோமோ அவர்களுக்குச் சமமானவர்கள் என்று ஊர் நம்பிவிடுகிறது. கல்லூரிப் பகையின் முதல் லாபம் கோப்பையைவிட இந்தச் சமத்துவம்தான் என்பது என் கருத்து. உங்களிடம் பேசிய இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீங்கள் யோசிப்பதற்குக்கூட அந்தப் பகை ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜெயித்தால் விண்ணப்பம் கூடும் என்பது ஓரளவு உறுதியான விஷயம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் பாஸ்டன் கல்லூரி. 1984 நவம்பர் 23 அன்று மயாமியோடு ஆட்டம், கடைசி 6 நொடி. பாஸ்டன் அணியில் டக் ஃப்ளூட்டி என்ற உயரம் குறைந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பின்னால் ஓடி, ஓங்கி வீசிய பந்தை எதிர் அணிக்காரர்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அவரது நண்பர் பிடித்தார். 47–45 என்று பாஸ்டன் கல்லூரி ஜெயித்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதையொட்டிய இரண்டு வருடங்களில் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் 16 சதவீதமும் 12 சதவீதமும் கூடின. "ஃப்ளூட்டி விளைவு" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் பிற்பாடு அந்தக் கல்லூரியின் சொந்தப் பத்திரிகையே பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. 1970களில் இருந்தே ஏற்றம் இருந்திருக்கிறது. புது விடுதிகள் கட்டினார்கள், உதவித்தொகையைக் கூட்டினார்கள், பெண்களை எல்லாப் பிரிவிலும் சேர்த்தார்கள். அந்த ஒரு பந்து வந்தது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த படிக்கட்டில்.

ஒரே ஒரு கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதால் பல கல்லூரிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளைச் சொல்கிறேன். டெவின் போப், ஜாரன் போப் என்ற இருவர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஃபுட்பாலிலோ கூடைப்பந்திலோ பெரிய வெற்றி பெற்றால் விண்ணப்பங்கள் 2 முதல் 8 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். 2013ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் டக் சுங், ஃபுட்பாலில் சுமாரான நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு ஏறும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் 18.7 சதவீதம் வரை கூடும் என்றார். எண்கள் வேறுபடுகின்றன, ஏனென்றால் எதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது வேறுபடுகிறது. திசையில் சந்தேகம் இல்லை. உங்களுக்கு முக்கியமானது சுங் ஆய்வின் அடுத்த பகுதி. நுழைவுத் தேர்வில் குறைவாக எடுத்த மாணவர்களிடம்தான் இந்த ஈர்ப்பு பலமாகவும் நீண்ட நாளும் இருந்தது. நிறைய எடுத்தவர்களிடமும் இருந்தது, ஆனால் சீக்கிரம் மங்கியது. அவர்கள் படிப்பின் தரத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்ததும் இதற்குப் பக்கத்தில்தான். பரம எதிரியை நாங்கள் வீழ்த்திய ஒரு நவம்பரில், திங்கட்கிழமை காலை கேம்பஸைச் சுற்றிப் பார்க்கப் பதிவு செய்தவர்களின் பட்டியலைத் திறந்தேன். அஞ்சல் எண்ணை வைத்து வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி விழும். வழக்கமாக எங்கள் மாநிலமும் பக்கத்து இரண்டு மாநிலங்களும்தான் கறுத்துப்போய் இருக்கும். அன்று அதுவரை ஒரு புள்ளிகூட விழாத மேற்கு மாநிலங்களில் எல்லாம் சிதறல் சிதறலாகப் புள்ளிகள். அடுத்த ஏப்ரலில் அதே வரைபடத்தை, இடம் கிடைத்து முன்பணம் கட்டியவர்களை மட்டும் வைத்துப் போட்டேன். மேற்கில் இருந்த புள்ளிகளில் பெரும்பாலானவை காணோம். விண்ணப்பம் போட்டவர்கள் வேறு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் வேறு.

ஆனால் அந்தக் காணாமல் போன புள்ளிகளும் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகின்றன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20,000 பேர் விண்ணப்பித்து 10,000 பேருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு இடம். அடுத்த வருடம் வெற்றியின் பரபரப்பில் 23,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், இடம் அதே 10,000. இப்போது 43 சதவீதம் பேருக்குத்தான் இடம். "சேருவது கடினமாகிவிட்டது" என்று செய்தி வரும். கேட்பவர்கள் தரம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். வகுப்பறையில் ஒரு ஆசிரியர்கூட மாறவில்லை. "மதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது" என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

ரேங்கிங்கும் இந்தக் குழப்பத்துக்கு உதவுகிறது. வருடா வருடம் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் என்ற பத்திரிகையின் பட்டியலில், மதிப்பெண்ணில் 20 சதவீதம் பிற கல்லூரித் தலைவர்களின் அபிப்பிராயம். முன்பின் போகாத நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். கேள்விப்பட்ட பெயருக்குக் கை கொஞ்சம் தாராளமாகப் போகும் என்று நினைப்பது இயல்பு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கேம்பஸைச் சேர்ந்த மைக்கேல் ஆண்டர்சனின் ஆய்வு அதை ஆமோதிக்கவும் செய்கிறது: ஃபுட்பால் வெற்றி நன்கொடையையும் விண்ணப்பத்தையும் கூட்டுகிறது, இந்த அபிப்பிராய மதிப்பெண்ணையும் நகர்த்துகிறது. ஆனால் நகர்வு மிகச் சிறியது, அதை வைத்து யாரும் ஊரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2022ல் கொலம்பியாவில் நடந்ததைப் பாருங்கள். அவர்களுடைய கணிதப் பேராசிரியர் ஒருவரே பல்கலைக்கழகம் அனுப்பிய எண்களில் கோளாறு இருப்பதாக எழுதினார். 2ஆம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் 18க்கு இறங்கியது. இரண்டு நாளும் அங்கே அதே பாடம், அதே ஆசிரியர்கள்.

ஆட்டத்தையும் படிப்பையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளாக, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தை உதாரணம் காட்டுவார்கள். ஒரு காலத்தில் சிகாகோ பிக் டென் லீக்கின் பெரிய தலை. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருதை 1935ல் முதன்முதலில் வாங்கியவர் அவர்களுடைய ஜே பெர்வாங்கர். நான்கே வருடத்தில், 1939ல், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார். காலியாகிப்போன அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் வரிசைக்குக் கீழே, பந்தாடும் ஒரு கூடத்தில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக்காட்டியது. ஃபுட்பால் போன இடத்தில் இயற்பியல் வந்தது என்று சொல்ல இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் இயற்பியல் அங்கே எப்போதோ வந்துவிட்டது. ஆல்பர்ட் மைக்கெல்சன் 1907ல் நோபல் பரிசு வாங்கியபோது சிகாகோ பேராசிரியர். அப்போது அந்த மைதானத்தில் சிகாகோ அணி கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்திருக்கின்றன.

ஸ்டான்ஃபோர்டையும் பாருங்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் டைரக்டர்ஸ் கோப்பையை 1995 முதல் 2019 வரை தொடர்ந்து 25 முறை வென்றது. இந்தப் பக்கம் கால்டெக், அறிவியலுக்குப் பேர்போன கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம். அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்றது. 2011 பிப்ரவரியில் ஆக்சிடெண்டல் கல்லூரியை 46–45 என்று வென்றுதான் அந்த வரிசை முடிந்தது. அந்த 310 தோல்வியிலும் அதன் இயற்பியலை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆக, "நாங்கள் தோற்கிறோம், அதனால் நாங்கள் படிப்பாளிகள்" என்பதும் தவறான கணக்குதான். தோற்கும் அணியின் பக்கத்திலிருந்து "பரவாயில்லை, நாளைக்கு நீங்கள் எங்களிடம்தான் வேலைக்கு வருவீர்கள்" என்று கோஷம் போடுவது அங்கே பல கேம்பஸ்களில் வழக்கம். எனக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. அதில் படிப்பைப் பற்றிய பெருமையைவிடப் பணத்தைப் பற்றிய பெருமைதான் கேட்கிறது. படிப்பில் உசத்தி என்று பேசுகிறவர்களும் விளையாட்டை விட்டுவிடவில்லை. ஹார்வர்ட் அட்மிஷன் பற்றிய 2018 நீதிமன்ற விசாரணையில், கோச்கள் தேர்ந்தெடுத்த வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது வெளியே வந்தது.

ஜெயிப்பதால் படிப்புக்குக் கெடுதல் உண்டா என்றால், உண்டு, சில இடங்களில். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றில், ஃபுட்பால் அணி நன்றாக ஆடிய பருவங்களில் மாணவிகளோடு ஒப்பிட மாணவர்களின் கிரேடுகள் இறங்கியது தெரிந்தது. இவர்கள் ஆடுகிறவர்கள் இல்லை, பார்க்கிறவர்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் கேம்பஸில் நடந்தது இதைவிட மோசம். வகுப்பே நடக்காத பாடங்களில், ஒரு கட்டுரை எழுதிக்கொடுத்தால் நல்ல கிரேடு என்று 1993 முதல் 2011 வரை 3,100 பேருக்கு மேல் பயன்பெற்றதாக 2014ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2017ல் விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, அந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால் தன் விதிப்படி தண்டிக்க முடியாது என்று விட்டுவிட்டது. படிப்புக்குப் பேர்போன ஒரு இடத்தில் இது நடந்தது என்பதை நான் இன்னும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

வருத்தம் அறிக்கைகளில் மட்டும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த வீரர்களில் ஒருவன், பெரிய உடம்பு, ஃபுட்பாலில் முன்வரிசைத் தடுப்பாளன். இரவு 9 மணிக்கு முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு வந்து உட்காருவான். காலை ஐந்தரைக்குப் பயிற்சி முடித்தவன். கண் சொக்கும், ஆனால் ரிக்ரஷன் கணக்கை விடமாட்டான். பை உருகி நோட்டில் நீர் சொட்டும், துடைத்துவிட்டு எழுதுவான். அவனுக்கு இன்ஜினியரிங் ஆசை. ஆய்வக வகுப்புகள் மதியம், பயிற்சியும் மதியம். இரண்டாம் வருடம் வேறு படிப்புக்கு மாறிவிட்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை, அட்டவணையே அவனுக்குப் பதில் முடிவு செய்துவிட்டது. பரம எதிரியோடு நடந்த ஆட்டத்தில் அவன் ஜெயித்தபோது மைதானம் முழுக்க எழுந்து நின்றது. நானும்தான்.

வரும் பணம் படிப்புக்குப் போகுமா என்று ஒரு எதிர்பார்ப்பு உங்களுக்கு இருக்கலாம். பெரும்பாலும் போகாது. பெரும்பாலான விளையாட்டுத் துறைகள் சம்பாதிப்பதைவிட அதிகம் செலவழிக்கின்றன, பல இடங்களில் மாணவர் கட்டணத்திலிருந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருடத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. அது வீரர்களுக்கு நியாயம் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். உங்கள் மகளின் கட்டண ரசீதில் "அத்லெடிக்ஸ் ஃபீஸ்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

சந்தேகமாகவே நிற்கும் ஒரு விஷயம், வெற்றியால் வந்த கூட்டத்தை வைத்து ஒரு பல்கலைக்கழகம் நிஜமாகவே தரத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்பது. அலபாமாவைச் சொல்வார்கள். நிக் சேபன் 2007ல் கோச்சாக வந்து 6 தேசியப் பட்டங்கள் ஜெயித்த காலத்தில், 25,000 சொச்சம் மாணவர்கள் என்பது பத்து வருடத்தில் 38,000 பக்கம் போனது, பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர். ஆனால் அதே வருடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்த வெளி மாநில மாணவர்களுக்கு அள்ளி அள்ளி ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள், ஆள் அனுப்பித் தேடினார்கள். பந்து எவ்வளவு, பணம் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. என் ஊகம், ஃபுட்பால் கதவைத் தட்டவைத்தது, உள்ளே வரவைத்தது ஸ்காலர்ஷிப்.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவரின் ஆய்வு ஒன்று எனக்குப் பல பெற்றோரிடம் பேசும்போது கைகொடுத்திருக்கிறது. ஒரே மாதிரி கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில், பெரிய பெயருள்ள இடத்துக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயருள்ள இடம் கூடுதலாக உதவியது. இரண்டு இடத்திலும் இடம் வாங்கிய உங்கள் மகள் கெட்டிக்காரி, அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளோடுதான் போகும். அவள் படிக்கப்போகும் துறையை மட்டும் பாருங்கள். அமெரிக்க அரசின் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் துறைவாரியாகச் சம்பளமும் கடனும் இருக்கும். முதல் வருடப் பாடங்களை யார் எடுக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பேர், நான்கு வருடத்தில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று துறைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பதில் எவ்வளவு அக்கறையோடு வருகிறது என்பதும் ஒரு தகவல்.

அப்புறம், சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரே நிற சட்டை போட்டுக்கொண்டு கத்துவது அவளுக்குப் பிடிக்கும் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள். நான்கு வருடம் அவள் வாழப்போகும் இடம் அது, நட்புகள் அங்கேதான் பிறக்கும். பகையைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம். கூடைப்பந்தில் அமெரிக்காவின் பெரிய எதிரிகளான டியூக்கும் வட கரோலினாவும் எட்டு மைல் தூரத்தில் இருக்கின்றன. 2000ல் தொடங்கிய ராபர்ட்சன் ஸ்காலர்ஷிப்பில் சேருகிறவர்கள் இரண்டு கேம்பஸிலும் படிக்கிறார்கள். அதற்காகவே இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ்ஸும் விட்டார்கள். நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே மாநிலத்தில்தானே இருக்கின்றன, ஒன்றில் சேர்ந்து மற்றதில் சில பாடங்கள் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுப்பாருங்கள். முடிந்தால் அவளை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வகுப்பில், பின்வரிசையில், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.